கொள்ளக் கற்றல்

உலகில் ஈகையைப் புகழாத நூலில்லை. ஈவாரை வாழ்த்தாத நாவுமில்லை. ஆயினும் ஈகை நிகழ வேண்டுமெனின் இருவர் வேண்டும்: நீட்டும் கையொன்று, ஏற்கும் கை மற்றொன்று. முன்னதன் பெருமையைப் பேசியவாறு பின்னதன் பெருமையை நம்மவர் பேசினாரல்லர். பிறர் நம்பால் காட்டும் பரிவை முகங்கோணாமலும், கூசிக் குறுகாமலும், உடனே விலைபோட்டுத் திருப்பாமலும் ஏற்றுக்கொள்வது ஒரு கல்வி. அக்கல்வி காதலென்னும் பெருவாழ்விற் புகுமுன்னரே கற்றிருக்க வேண்டுவதொன்று. இதுவே யாம் ஈண்டுச் சொல்லக் கருதியது.

இவ்வாண்டிதழைக் கையிலெடுக்கும் மாணவருட் பலர் இன்னுஞ் சில திங்களில் இக்கல்லூரி வாயிலைக் கடந்து உத்தியோகந் தேடிச் செல்வர். பெற்றோர் நிழலையும் விடுதி நிழலையும் விட்டுத் தனியறையொன்றில் வாழப் புகும் அந்நாளிலேதான் உள்ளம் ஒரு துணையை நாடத் தொடங்கும். யாமும் அவ்வாறு ஒருகாற் சென்றவரே. சென்று சேர்ந்த ஊர் ஓசூர். பல்லாண்டு அங்கு வாழ்ந்து கண்டவற்றினின்றும், ஓய்வில் கற்ற சில நூல்களினின்றும் எழுந்த சிந்தனையே இக்கட்டுரையாகும்.

முதற்கண் ஒரு வேற்றுமையை உணர்தல் நலம். இரத்தல் வேறு, கொள்ளல் வேறு. திருவள்ளுவர் விருந்தோம்பலை 9ஆம் அதிகாரத்தும், செய்ந்நன்றியறிதலை 11ஆம் அதிகாரத்தும், ஈகையை 23ஆம் அதிகாரத்தும் வைத்தார். இரவு, இரவச்சம் என்னும் இரண்டினையும் 106, 107 ஆகிய அதிகாரங்களில் ஓதினார். கேளாமலே வரும் அன்பினைக் கொள்ளுதற்கெனத் தனியதிகாரம் அந்நூலில் இல்லை. செய்ந்நன்றியறிதல் அதற்கு அணுக்கமானதே. எனினும் அது கொண்டபின் மறவாதிருத்தலைக் கூறுவதன்றிக் கொள்ளும் அக்கணத்தைக் கூறுவதன்று. ஆத்திசூடியோ பிச்சையேற்றுண்ணும் வாழ்வை இழிவென்று பால்மணம் மாறாத குழவிக்கே கற்பிக்கின்றது. கற்பித்தது நன்றே. ஆயின் இரத்தலுக்கு அஞ்சப் பழகிய பிள்ளை, வளர்ந்தபின் கொள்ளலுக்கும் அஞ்சத் தொடங்கிவிடுகின்றது. இரண்டற்குமுள்ள எல்லையை அதற்கு ஒருவரும் காட்டவில்லை.

அவ்வெல்லையை இலக்கணம் ஒருவாறு காட்டியிருக்கின்றது. ஒரு பொருளைக் கேட்டற்குத் தமிழில் ஈ, தா, கொடு என மூன்று சொற்களுள. தாழ்ந்தவன் உயர்ந்தோனிடம் 'ஈ' என்பான். ஒத்தவன் ஒத்தவனிடம் 'தா' என்பான். உயர்ந்தவன் தாழ்ந்தோனிடம் 'கொடு' என்பான். தொல்காப்பியர் சொல்லதிகாரத்து எச்சவியலில் வகுத்த முறை இது. நன்னூலாரும் இதனை வழிமொழிந்தனர். பள்ளியில் இதனை மனப்பாடஞ் செய்து மறந்தோர் பலர். வாழ்க்கைக்கு வேண்டிய பெரியதோர் உண்மை இதனுள் அடங்கியிருப்பதை யாம் பிற்காலத்தே உணர்ந்தோம். பரிவொன்று வரும்போது சிலர் அதனை 'ஈ' என்னும் நிலையில் நின்று, கூனிக் குறுகி, கொடுத்தவரைத் தெய்வமாக்கித் தம்மைத் தூசாக்கிக்கொண்டு பெறுவர். வேறு சிலர் 'கொடு' என்னும் நிலையில் நின்று, தமக்கு வரவேண்டிய கப்பம் வந்ததுபோலப் பெறுவர். இவ்விருவருக்கும் நடுவே நிமிர்ந்தும் பணிந்தும் நிற்பது 'தா' என்னும் நிலை. காதலுக்குரிய நிலம் அதுவே. அந்நிலத்தில் நிற்கப் பழகாதவர் காதலரை ஆண்டவராகவோ அடிமையாகவோ ஆக்கிவிடுவரேயன்றித் துணையாக ஆக்கார்.

இந்நிலைக்கு எடுத்துக்காட்டு வேண்டுமெனின் எம்மூர்ப் பக்கத்திலேயே ஒன்றுண்டு. இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம் 2004ஆம் ஆண்டு தருமபுரியினின்றும் பிரிக்கப்பட்டது. அத்தருமபுரியே பழைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகர். அரிதின் முயன்று பெற்ற நெல்லிக்கனியைத் தான் உண்டு நெடிது வாழாமல், அதன் சிறப்பை வாய்விட்டுரையாமலே ஔவையார்க்கு அவன் அளித்த வரலாற்றை அறியாத தமிழர் இலர். புறநானூற்றின் 91ஆம் பாட்டு இந்நிகழ்ச்சிபற்றி எழுந்ததே. இங்கெல்லாம் மேடைதோறும் அதியமான் கொடையே பேசப்படுகின்றது. ஔவையாரின் கொள்ளலை எவரேனும் பேசக் கேட்டதுண்டோ? அவர் கனியை வாங்கினார், எனக்கெதற்கு என்று தள்ளவில்லை, உண்டார். உண்டபின் அதன் அருமை தெரிந்தபோது நாணிப் புலம்பவுமில்லை. கொடுத்தான் நெஞ்சம் இன்னதென்று கண்டு, கண்டதை நிறைந்த வாயால் வாழ்த்தினார். அரசனும் பாணர்மகளும் அக்கணத்தே ஒத்தவராயினர்.

அவ்வதியமானிடமே மற்றொரு புலவரும் சென்றார். பெருஞ்சித்திரனார் என்பது அவர் பெயர். அரசன் அவரை நேரிற் காணாமலே பரிசிலை மட்டும் அனுப்பிவைக்க, தம்மை அறியாதார் தரும் பொருளைக் கொள்ளும் வணிகர் தாமல்லர் என்னுங் கருத்துப்படப் பாடி மறுத்தார். அது 208ஆம் பாட்டு. ஒரே அரசன், ஒரே அரண்மனை. ஒருவர் கொண்டார், ஒருவர் மறுத்தார். இருவர் செயலும் செம்மையானதே. கண்டு, அறிந்து, நெஞ்சு கலந்து வருவது கொள்ளத்தக்கது. காணாமல் எறியப்படுவது மறுக்கத்தக்கது. கொள்ளக் கற்றல் என்பது வந்ததையெல்லாம் வாரிக்கொள்வதன்று என்பதற்கு இஃதொன்றே சாலும்.

இனி ஓசூரைப்பற்றிச் சிறிது கூறுவோம். பெங்களூரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில், அத்திப்பள்ளி எல்லைக்கு இப்பால், மேட்டுநிலத்தே அமைந்த ஊர் அது. மார்கழியில் காலை எட்டு மணிக்கும் சந்திரசூடேசுவரர் மலை பனிக்குள் மறைந்து நிற்கும். முன்னாளில் மத்திகிரிக் கால்நடைப் பண்ணையாலும், பின்னாளில் ரோஜாத் தோட்டங்களாலும் பெயர்பெற்றது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது, அதன்பின் டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் முதலிய பெருந்தொழிற்சாலைகள் அடுத்தடுத்து எழுந்தன. 2019இல் ஊர் மாநகராட்சியாயிற்று. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒரே குழாயடியில் ஒலிக்கும். பொழுது விடியுமுன் ஆலைப் பஸ்கள் வரிசையாக நின்று இளைஞரை ஏற்றிச் செல்லும். அவருட் பெரும்பாலோர் வேற்றூரார். இன்று வடநாட்டு மகளிரும் மிகப் பலர் வந்து விடுதிகளில் தங்கி மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை செய்கின்றனர். தாய் கையாற் சோறுண்டு வளர்ந்து, திடீரென்று தாமே தமக்குத் தாயாக வேண்டிய நிலைக்கு வந்தவர் இவர்.

இந்நிலையை அவ்வூர்த் தொழிலாளரை அமர்த்தியோர் சிலர் அறியாமலில்லை. டாட்டா நிறுவனமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூடி 1984இல் தொடங்கிய டைட்டன் கைக்கடிகார நிறுவனம், தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து பள்ளிப் படிப்பை அப்போதே முடித்த பதினேழு பதினெட்டு வயதினரைத் தேர்ந்தெடுத்து ஓசூருக்குக் கொணர்ந்தது. வீட்டைவிட்டு முதன்முறையாக வெளியே வந்த அப்பிள்ளைகளைக் கவனிக்க வளர்ப்புப் பெற்றோர் என்ற ஏற்பாடும் அக்காலத்தே செய்யப்பட்டது. நுண்ணிய கடிகாரப் பகுதிகளைப் பொருத்தக் கைக்குப் பயிற்சி வேண்டும், அயலாரொருவர் 'சாப்பிட்டாயா?' என்று கேட்கும்போது அதனை ஏற்க நெஞ்சுக்கும் பயிற்சி வேண்டும். இரண்டும் ஒரே ஊரில் ஒரே காலத்தில் நடந்தன என்பது எமக்கு எஞ்ஞான்றும் வியப்பாகவே தோன்றுகின்றது.

எமக்கு வாய்த்த வளர்ப்புப் பெற்றோர் எந்த நிறுவனமும் ஏற்படுத்தியவரல்லர். நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரியாகிய முதியவரே. தெலுங்கு பேசுபவர், தமிழும் பேசுவார். அவரைத் தெருவார் அனைவரும் 'அவ்வா' என்றழைப்பர். தெலுங்கிற் பாட்டியைக் குறிக்கும் இச்சொல்லும், தமிழில் முதியவளையும் தாயையும் குறிக்கும் ஔவை என்னுஞ் சொல்லும் உறவுடையன. தகடூர் நாட்டு ஔவை கொண்டார். எங்கள் தெரு அவ்வா கொடுத்தார். இரவு ஷிப்டு முடிந்து யாம் வரும்நாளில் வாயிற்படியில் ஒரு தூக்கு இருக்கும். அதனுள் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் இருக்கும்.

எம்மோடு ஓரறையில் வாழ்ந்த நண்பரொருவர் புதுக்கோட்டைப் பக்கத்தவர். அப்பக்கத்தில் மொய் விருந்து என்னும் வழக்கமுண்டு. ஒருவர் விருந்து வைத்து உற்றாரையும் ஊராரையும் அழைப்பார். வந்தோர் உண்டு மொய் எழுதிச் செல்வர். எவர் எவ்வளவு எழுதினார் என்பது நோட்டில் ஏறும். அவர் விருந்து வைக்குங்கால் அத்தொகையைக் குறையாமல் திருப்புதல் கடமை. வட்டியில்லாமல் ஒரு குடியைத் தூக்கி நிறுத்தும் நல்ல ஏற்பாடு அது. அதனை யாம் பழிப்பேமல்லேம். ஆயின் நண்பரின் தந்தையார் ஒருமுறை மொய் திருப்ப இயலாமல் பந்தலுக்கு வெளியே தலைகுனிந்து நின்றதை அவர் பன்னிரண்டாம் வயதிற் கண்டிருந்தார். அன்று முதல் அவர் நெஞ்சினுள்ளும் ஒரு நோட்டுத் திறந்துகொண்டது. எவரேனும் ஒரு டம்ளர் காப்பி வாங்கிக் கொடுத்தால் அன்று மாலையே இரண்டு டம்ளர் வாங்கிக் கொடுத்தாலன்றி அவர்க்கு உறக்கம் வாராது.

அவ்வா களி வைத்த மறுநாள் நண்பர் ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிச் சென்று கொடுத்தார். மறுமுறையும் அவ்வாறே செய்தார். மூன்றாமுறை அவ்வா பையை வாங்காமலே, "ஏன் நாயனா, நான் என்ன ஓட்டலா நடத்துகிறேன்? நேற்று வைத்த களிக்கு இன்று காசோடு வந்து நிற்கிறாயே" என்றார். சினந்து கூறினாரில்லை, ஆயினும் அதன்பின் நண்பர் ஷிப்டு முடிந்து வரும் நாட்களில் வாயிற்படியில் தூக்கு இருக்கவில்லை.

வந்த பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்பலாகாது என்பது நம் பெண்டிர் வழக்கமன்றோ என்று சிலர் கேட்கக்கூடும். ஆம், அஃது அழகிய வழக்கமே. ஆயின் அதனுள் இடப்படுவது ஒரு பிடி சர்க்கரை அல்லது இரண்டு பழம். வந்ததன் விலை அன்று. 'நமக்குள் வருவதும் போவதும் நிற்கவேண்டா' என்பதே அச்சர்க்கரையின் பொருள். நண்பர் கொணர்ந்த ஆப்பிளோ, 'நமக்குள் இனிப் பாக்கி இல்லை' என்றது. தொடர்வதற்குக் கொடுப்பது வேறு. தீர்ப்பதற்குக் கொடுப்பது வேறு.

இஃது அவ்வாவோடு நின்றிருப்பின் இக்கட்டுரைக்கு இடமில்லை. நண்பர் வேலைசெய்த ஆலையில் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பெண்ணொருவர் தரச்சோதனைப் பிரிவில் இருந்தார். இருவர்க்கும் ஒருவர்மீதொருவர் விருப்பம் உண்டாயிற்று. சாதி, மொழி முதலிய தடைகள் இருந்தன. அவற்றை எதிர்கொள்ளும் துணிவும் இருவர்க்கும் இருந்தது. அவ்வேளையில் நண்பரின் தந்தையார்க்கு அறுவைச் சிகிச்சை செய்யவேண்டி வந்தது. செய்தியறிந்த அப்பெண் தம் சேமிப்பிலிருந்து பதினையாயிரம் ரூபாயை ஓர் உறையிலிட்டு, கேளாமலே கொணர்ந்து கொடுத்தார். நண்பர் வாங்கவில்லை. மன்றாடியும் வாங்கவில்லை. அன்று மாலை வட்டிக்குக் கடன் கொடுப்பாரிடம் சென்று அதே தொகையைப் பெற்று ஊருக்கனுப்பினார்.

இதனையறிந்தபோது அப்பெண் சொன்ன சொற்களை நண்பரே எம்மிடம் கூறினார். "வட்டிக்காரரிடம் வாங்க உங்களுக்குக் கூச்சமில்லை, என்னிடம் வாங்கத்தான் கூச்சம். நாளைக்கு எனக்கு ஒரு கஷ்டம் என்றால் நானும் வட்டிக்காரரிடந்தான் போகவேண்டுமா?"

இவ்வினாவை யாம் பலகாலும் எண்ணிப் பார்த்ததுண்டு. கொள்ளமாட்டாதவர் தம்மை மட்டுமே வருத்திக்கொள்கின்றார் என்று உலகம் நினைக்கின்றது. அஃது அவ்வாறன்று. தம் தேவையை வெட்கத்திற்குரியதென்று கருதுவோர் பிறர் தேவையையும் உள்ளூர அங்ஙனமே கருதுவர் என்னும் அச்சத்தை அவர் எதிரிலிருப்பார்க்கு உண்டாக்கிவிடுகின்றார். தமக்கு நோய் வந்தால், வேலை போனால், முதுமை வந்தால், இவர் கைமேல் சாயலாமோ சாயலாகாதோ என்ற ஐயம் அப்பெண்ணுக்குப் பிறந்தது. அவ்வையத்தைத் தீர்க்க நண்பரால் அன்று இயலவில்லை. அடுத்த ஆண்டு தை மாதத்தில் அப்பெண்ணுக்கு வீட்டார் பார்த்த வரனோடு மணமாயிற்று. நண்பரும் சென்றிருந்தார், மொய் எழுதிவிட்டு வந்தார்.

பரிவைப் பெறுதல் சிலர்க்கு ஏன் இத்துணைக் கடினமாகின்றது? வறுமையின் மானம் ஒரு காரணம். பெற்றதை ஆயுள் முழுதும் சொல்லிக்காட்டும் உறவினர் நடுவே வளர்ந்தமை மற்றொரு காரணம். மேனாட்டு உளநூலாரும் இதனை ஆராய்ந்துள்ளனர். இளமையில் தேற்றுவாரின்றி வளர்ந்த குழவி, பின்னாளில் எவர் துணையும் வேண்டேன் என்று பிடிவாதமாகத் தன்னையே சார்ந்து நிற்கக்கூடும் என்பதை இங்கிலாந்து தேயத்து ஜான் பௌல்பி விளக்கினார். தாய்சேய்ப் பிணைப்பின் இவ்வகைகளே வளர்ந்தார் காதலிலும் தோன்றுகின்றன என்பதை 1987இல் ஹேசன், ஷேவர் என்னும் இருவர் எழுதினர். பிரான்சு தேயத்து அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் வெளிவந்த தம் கட்டுரையில், பல்வகை மக்கட்கூட்டங்களிலும் கொடுத்தல், கொள்ளல், திருப்பல் என மூன்று கடமைகள் உள்ளன என்று காட்டினார். நடுவணதைக் கடமையாகவே அவர் வைத்தது நோக்கத்தக்கது. கொள்ள மறுத்தல் உறவை மறுத்தலாகும்.

இவற்றினும் எம் நண்பர் செய்திக்கு நெருங்கியதோர் ஆராய்ச்சி அமெரிக்காவில் நடந்தது. மார்கரெட் கிளார்க், ஜட்சன் மில்ஸ் என்போர் 1979இல் அதனை வெளியிட்டனர். மணமாகாத ஆண்மாணவர் ஒரு பெண்ணுக்குச் சிற்றுதவியொன்று செய்தனர். சிலரிடம் அவள் மணமானவள் என்றும், சிலரிடம் மணமாகாதவள், ஊருக்குப் புதியவள் என்றும் தெரியுமாறு செய்யப்பட்டது. உறவுக்கு இடமில்லாதவிடத்து, உதவிக்கு உடனே கைம்மாறு வந்தபோது மாணவர் அவளை மிகுதியும் விரும்பினர். உறவை எதிர்நோக்கியவிடத்தோ, உடனே வந்த கைம்மாறு அவ்விருப்பத்தைக் குறைத்தது. சந்தையில் உடனே காசு கொடுப்பவர் நல்லவர். அன்பில் உடனே காசு கொடுப்பவர் கதவைச் சாத்துகின்றவர். அவ்வா இவ்வாராய்ச்சியைப் படித்தவரல்லர், "ஓட்டலா நடத்துகிறேன்?" என்ற ஒரு கேள்வியால் அதன் முடிபைச் சொல்லிவிட்டார்.

நண்பரின் கல்வி எங்ஙனம் முடிந்ததென்பதையுங் கூறவேண்டும். மறு மழைக்காலத்தில் அவர்க்கு டெங்குக் காய்ச்சல் கண்டது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபின்னும் எழுந்து நடக்க வலிவில்லை. அவ்வா இரவும் பகலும் கஞ்சி வைத்தார். தம் மடிமேல் தலையைத் தாங்கிப் புகட்டினார். வேட்டியைத் துவைத்துப் போட்டார். திருப்பிக் கொடுக்க நண்பரிடம் ஒன்றுமில்லை. ஒரு கையைத் தூக்கவும் இயலவில்லை. நோட்டில் எழுத முடியாத அளவுக்கு வரவு பெருகியபின் நோட்டே பயனற்றதாயிற்று. தேறியபின் அவர் பழக்கடைப் பக்கம் சென்று, வெறுங்கையோடு திரும்பி வந்ததை யாம் கண்டோம். நேரே அவ்வா வீட்டுத் திண்ணைக்குச் சென்று அமர்ந்தார். கஞ்சியில் இட்டிருந்த சீரகத்தின் மணம் ஊரில் தம் அப்பத்தா வைக்கும் கஞ்சியை நினைப்பூட்டிற்றென்று சொன்னார். அவ்வா சிரித்துக்கொண்டே, "நாளைக்குச் சங்கட்டி பண்ணட்டுமா, நாயனா?" என்றார். "பண்ணுங்கள் அவ்வா" என்று அவர் சொல்லக் கேட்டது அதுவே முதன்முறை.

பின்னும் சில ஆண்டு கழித்தே அவர்க்கு மணம் நிகழ்ந்தது. ஒருகால் அவர் மனைவியார் பேச்சினிடையே எம்மிடம், "இவருக்கு எது செய்தாலும் மனம் நிறைகிறது, அண்ணா, வாங்கிக்கொள்ளத் தெரிந்தவர்" என்றார். அத்தெரிவு எத்துணை விலைக்கு வந்ததென்பதை யாம் அவர்க்குச் சொல்லவில்லை.

இவ்விடத்து மகளிர் பொருட்டு ஒன்று கூறாதொழிதல் தகாது. பரிவென்ற பெயரால் வலைவீசுவாரும் உலகிற் பலர். விடுதியிற் றங்கி வேலைசெய்யும் இளமகளிரிடம் கைப்பேசி முதலிய பரிசில்களைத் திணித்துப் பின்னர் அதற்கு உரிமை கொண்டாடுவார் செய்தி ஒவ்வோராண்டும் கேட்கின்றோம். இத்தகையாரிடமிருந்து கொள்ளாமையே கல்வி. உண்மைப் பரிவை எங்ஙனம் அறிவது? 'வேண்டா' என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தல் நல்ல உரைகல். மெய்யன்புடையார் அச்சொல்லைக் கேட்டபின்னும் முன்போலவே முகமலர்ந்திருப்பர்; வலைவீசுவார் முகம் அக்கணமே மாறும். மேலும், மெய்யான பரிவு பிறரறிய நிகழக்கூடியது, மறைவை நாடுவதன்று. பெருஞ்சித்திரனாரின் மறுப்பு அவருக்கு எத்துணை அணியோ, அத்துணை அணி இம்மறுப்பு நம் மகளிர்க்கும். மறுக்கத் தெரிந்தவரே அச்சமின்றிக் கொள்ளவும் தெரிந்தவராவர்.

காதலுக்கு முன்னுள்ள காலம் வீண்காலமன்று என்பதற்கு ஓசூரைச் சார்ந்த மற்றொரு வரலாறும் உண்டு. ஓசூரையடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்தவர் இராஜாஜி. அவர் மகளார் லக்ஷ்மியும் காந்தியடிகளின் மைந்தர் தேவதாஸும் ஒருவரையொருவர் விரும்பியபோது, ஐந்தாண்டு பிரிந்திருக்குமாறும் அதன்பின்னும் மனம் மாறாதிருப்பின் மணஞ்செய்யலாமென்றும் தந்தையர் இருவரும் கூறினர். இளையோர் அதற்கிசைந்து காத்திருந்தனர். 1933இல் பூனாவில் அவர்தம் திருமணம் நிகழ்ந்தது. அத்துணைக் கடுமையான நிபந்தனை இக்காலத்தார்க்கு வேண்டுவதென்று யாம் சொல்லவில்லை. துணை இன்னும் வந்து சேராத ஆண்டுகளைக் குறைவென்று எண்ணி ஏங்கி நிற்பார்க்கு, அவ்வாண்டுகளிலேயே செய்துமுடிக்கத்தக்க வேலையொன்றுண்டு என்பதை மட்டுமே நினைப்பூட்டுகின்றோம்.

அவ்வேலைக்குப் பணம் வேண்டா, ஆசிரியரும் வேண்டா. ஒருவர் நம்மைப் பாராட்டினால், 'அதெல்லாம் ஒன்றுமில்லை' என்று அவர் சொல்லைப் பொய்யாக்காமல், 'கேட்க மகிழ்ச்சி' என்று நிறுத்திக்கொள்ளலாம். பஸ்ஸில் ஒருவர் நம் பையை வாங்கி மடிமேல் வைத்துக்கொண்டால், பறித்துக்கொண்டாற்போலப் பதறாமல் இருக்கலாம். விடுமுறையில் வீடு செல்லும்போது தாய் கட்டித் தரும் முறுக்கையும் ஊறுகாயையும், 'அங்கே எல்லாம் கிடைக்கும் அம்மா' என்று தள்ளாமல் பெட்டியில் இடங்கண்டு வைத்துக்கொள்ளலாம். காய்ச்சல் வந்த இரவில் அடுத்தவறைத் தோழரைத் தட்டி எழுப்பலாம். பெற்றதை எப்போது எவ்வாறு பயன்படுத்தினோம் என்பதைக் கொடுத்தவரிடம் சென்று சொல்லலாம். கொடுத்தவர் பெரும்பாலும் விரும்புவது அதுவே. நன்றி என்னும் சொல்லுக்குக் குறள் காலத்தில் நன்மை, நற்செயல் என்பனவே பொருள்; வாயளவில் கூறும் உபசாரம் பின்வந்தது. செய்த நன்மை நம்மிடம் நன்மையாகவே நின்று பயன்தருமாறு விடுதலே பழம்பொருளில் நன்றியறிதலாகும்.

திருப்பிக் கொடுத்தல் வேண்டாவோ எனின், வேண்டும்; மிகவும் வேண்டும். ஆயின் அதற்குக் காலம் வரும். கொடுத்தவர்க்கு ஒரு தேவை வரும்நாள் அக்காலம். அல்லது நம்மிடம் வேறொருவர் தேவையோடு வந்து நிற்கும்நாள் அக்காலம். நண்பர் இன்று தம் ஆலைக்குப் புதிதாக வரும் வெளியூர்ப் பிள்ளைகளை ஞாயிறுதோறும் வீட்டுக்கழைத்துச் சோறிடுகின்றார். அவருட் சிலர் மறுநாளே பழப்பையோடு வந்து நிற்பதுண்டாம். அவர் பையை வாங்கிக்கொண்டு, பழத்தை அவர்களோடே பங்கிட்டுத் தின்று, மறு ஞாயிறும் வரச் சொல்லியனுப்புகின்றார்.

இக்கல்லூரியினின்றும் செல்லவிருக்கும் இளைஞர்காள்! நீங்கள் கொடுக்கக் கற்றவர்கள். தொண்டு செய்யவும் பிறர்க்குழைக்கவும் இங்குப் பயின்றவர்கள். அக்கல்வி குறையுடையதன்று, ஆயினும் பாதியே. புதிய ஊரில், புதிய தெருவில், அறியாத மொழியில் ஒருவர் உங்களிடம் உண்டீரா என்று கேட்பார். உண்ணாதிருப்பின் இல்லையென்று சொல்லுங்கள். அவர் இலைபோட்டால் அமர்ந்து உண்ணுங்கள்.